பழைய காருக்கு ஆயில் கூலர்: முதலில் காய்ச்சலை அளந்து பாருங்கள்



அப்பா விட்டுச்சென்ற 1967ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன் பீட்டல் கார் ஒன்று வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மலாய் மொழியில் ‘கெரெத்தா கூரா’, அதாவது ஆமைக் கார் என்று செல்லமாக அழைக்கப்படும் அதே கார்தான். மகன் அதற்குப் புதுச் சாயம் பூசி, புது டயர் மாட்டி, குடும்பத்தோடு தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் புறப்படுகிறார். தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் தூரம் வளைந்து வளைந்து ஏறும் சாலை. மேலே போய்ச் சேர்ந்து, சந்திப்பில் வண்டியை நிறுத்திய வேளையில் எண்ணெய் அழுத்த விளக்கு மினுக் மினுக்கென்று எரிகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அணைகிறது. காலை எடுத்தால் மறுபடியும் எரிகிறது.

வீடு திரும்பியதும் அவர் பட்டறைக்குப் போகிறார். “என்ஜின் சூடாகிறது. ஒரு ஆயில் கூலர் போட்டால் சரியாகிவிடும்” என்கிறார்கள். பழைய கார் வைத்திருக்கும் நண்பரும் அதையே சொல்கிறார். அவருடைய காரில் பளபளவென்று ஒரு கூலர் தொங்குகிறது. பார்க்கவும் அழகாகத்தான் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் அந்த மகன் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. சரியான முடிவு எடுத்தால் அப்பாவின் என்ஜின் பிழைக்கும். தவறான முடிவு எடுத்தால், கூலர் போட்ட பிறகும் அது சாகும். அதுவும் நோய் தீர்ந்துவிட்டது என்ற நம்பிக்கையிலேயே சாகும். ஆகவே, கூலரை எப்படிப் பொருத்துவது என்பதற்கு முன், அது தேவைதானா என்று எப்படிக் கண்டறிவது என்பதை முதலில் பார்ப்பது நல்லது.

எண்ணெய் செய்யும் இரண்டு வேலைகள்

என்ஜின் எண்ணெய் வழுவழுப்புக்காக மட்டும் ஊற்றப்படுவதில்லை. உராயும் உலோகங்களுக்கு நடுவே படலமாக நிற்பது அதன் முதல் வேலை. பேரிங், பிஸ்டன் ஆகியவற்றின் சூட்டைச் சுமந்துகொண்டு வெளியே வருவது இரண்டாவது வேலை. பீட்டல் காரில் ரேடியேட்டரும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. காற்றும் எண்ணெயும்தான் என்ஜினைக் குளிர வைக்கின்றன. அந்த எண்ணெயும் வெறும் இரண்டரை லிட்டர்தான்.

சூடு ஏற ஏற எண்ணெய் இளகும். சாதாரண 30ஆம் எண் எண்ணெயை எடுத்துக்கொண்டால், 40 டிகிரி செல்சியசில் இருக்கும் கெட்டித்தன்மையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் 100 டிகிரியில் மிஞ்சும். அதற்கு மேலும் சூடு ஏறினால் படலம் இன்னும் மெலியும். 120 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் ஓடினால் எண்ணெயே சீக்கிரம் கெட்டுப்போகும். அழுத்தம் குறையும், பேரிங் தேயும்.

அதிகச் சூடு கெடுதல் என்றால், எவ்வளவு குளிர்ந்தாலும் நல்லதுதானே என்று தோன்றலாம். அதுதான் இல்லை. என்ஜினுக்குள் எரியும் பெட்ரோலிலிருந்து நீராவி உண்டாகிறது. அதில் கொஞ்சம் எண்ணெயில் கலக்கிறது. எரியாத பெட்ரோலும் சிறிது கலக்கிறது. எண்ணெய் 80 டிகிரிக்கு மேல் சூடேறி அங்கேயே ஓடினால்தான் இவை ஆவியாகி வெளியேறும். இல்லாவிட்டால் உள்ளேயே தங்கி, அமிலமாகவும் கசடாகவும் மாறி உலோகத்தை அரிக்கும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெளிர்மஞ்சள் நிறத்தில் பாலாடை போலப் படிந்திருப்பதைச் சிலர் பார்த்திருக்கலாம். பெரும்பாலும் அது சூடு பற்றாத என்ஜினின் அடையாளம்.

ஆகவே எண்ணெய்க்கு ஏற்ற நிலை ஏறக்குறைய 80 டிகிரிக்கும் 110 டிகிரிக்கும் இடையில் இருக்கிறது. ஆயில் கூலரின் வேலை எண்ணெயை இந்த எல்லைக்குள் வைத்திருப்பதே.

கூலர் ஏற்கனவே இருக்கிறது

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. பீட்டல் கார் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதில் ஆயில் கூலர் இருக்கிறது. டைனமோவின் தண்டில் மாட்டிய பெரிய விசிறி காற்றை உள்ளே இழுத்துத் தள்ளுகிறது. அந்த விசிறியை மூடியிருக்கும் தகரக் கூட்டுக்குள்ளேயே கூலர் செங்குத்தாக நிற்கிறது. எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது கூலரைச் சுற்றிக்கொண்டு நேராகப் பேரிங்குகளுக்குப் போகவும், இளகியதும் கூலர் வழியாகப் போகவும் ஒரு வால்வு வழிவிடுகிறது. எளிமையான, கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு இது.

இதில் ஒரு குறையும் இருந்தது. கூலர் நின்ற இடம் மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றை மறைத்தது. கூலரில் பட்டுச் சூடான காற்றுதான் அந்தச் சிலிண்டருக்குக் கிடைத்தது. அதனால் மற்ற மூன்றையும்விட அது கூடுதலாகச் சூடானது. பழைய பீட்டல் கார்களில் மூன்றாவது சிலிண்டரின் புகைபோக்கு வால்வு உடைந்து விழுவது மெக்கானிக்குகளுக்குப் பழகிப்போன கதை.

வோக்ஸ்வேகன் நிறுவனமே பின்னர் இதைத் திருத்தியது. 1970 ஆகஸ்டில் தொடங்கிய 1971ஆம் ஆண்டு மாடலில், 1600 சிசி என்ஜினின் கூலர் விசிறிக் கூட்டுக்கு வெளியே நகர்த்தப்பட்டது. அதற்கெனத் தனித் தகரப் பெட்டியும் தனிக் காற்று வழியும் அமைக்கப்பட்டன. விசிறியும் அகலமானது. அந்தப் பெட்டி பார்ப்பதற்கு நாய்க்கூண்டு போல இருப்பதால் ஆங்கிலத்தில் ‘டாக் ஹவுஸ்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

இங்கே இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. “இது ஐரோப்பியக் குளிருக்குச் செய்த வண்டி, இந்த நாட்டு வெயிலுக்குத் தாங்காது” என்று சொல்பவர்கள் உண்டு. பீட்டல் பிரேசிலில் பல்லாண்டுகள் தயாரிக்கப்பட்டது. மெக்சிகோவின் புவேப்லா நகரில் 2003ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள்தான் கடைசிக் கார் வெளிவந்தது. மொத்தம் 2 கோடியே 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பீட்டல்கள் உலகெங்கும் ஓடின. வெயில் நாடுகளிலும் ஓடின. பகல் வெப்பம் 33 டிகிரி என்றால் எண்ணெயும் அதற்கேற்பக் கூடுதலாகச் சூடாகும் என்பது உண்மைதான். ஆனால் எல்லாப் பாகங்களும் சரியாக உள்ள என்ஜின் அதைத் தாங்கும். தாங்கவில்லை என்றால், ஏதோ ஒன்று சரியில்லை என்று பொருள்.

முதல் வேலை: அளப்பது

காய்ச்சல் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம் மருத்துவர் முதலில் என்ன செய்கிறார்? வெப்பமானியை வைத்துப் பார்க்கிறார். காருக்கும் அதுவே முறை.

பீட்டலில் எண்ணெய் வெப்பத்தைக் காட்டும் மானி கிடையாது. இருப்பது அழுத்த விளக்கு மட்டும்தான். அழுத்தம் மிகவும் கீழே போன பிறகுதான் அது எரியும். அதற்குள் காலம் கடந்துவிட்டிருக்கலாம். எனவே கூலர் வாங்குவதற்கு முன் ஒரு வெப்பமானியும் ஓர் அழுத்தமானியும் வாங்குவது புத்திசாலித்தனம். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியின் இடத்தில் செருகக்கூடிய வெப்ப உணரிகள் கடைகளில் கிடைக்கின்றன. துளை போட வேண்டியதில்லை. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம், மலைச் சாலையில் ஒரு முறை, நெரிசலில் ஒரு முறை என்று ஓட்டி, எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்த மகனின் விளக்குக்குத் திரும்பலாம். மலையேறிய பின் மானி 125 டிகிரி காட்டி, அழுத்தமும் விழுந்தால், என்ஜின் உண்மையிலேயே சூடாகிறது. ஆனால் மானி 100 டிகிரிதான் காட்டுகிறது, அப்போதும் விளக்கு மினுக்குகிறது என்றால்? அது சூட்டுக் கோளாறு அல்ல. பேரிங் தேய்ந்திருக்கலாம், எண்ணெய் பம்பு தேய்ந்திருக்கலாம், அழுத்த வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், விளக்குக்குரிய சுவிட்சே பழுதாகியிருக்கலாம். இந்த நிலையில் கூலரைப் போட்டால் எண்ணெய் சற்றுக் கெட்டியாகும், விளக்கு அணைந்துவிடும், எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் தேய்ந்த பேரிங் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். வலி மாத்திரை கொடுத்து உடைந்த எலும்போடு நடக்க விடுவது போன்றது அது.

இரண்டாம் வேலை: இருந்ததை மீட்பது

சூடு உண்மைதான் என்று மானி சொன்னாலும் உடனே கடைக்கு ஓட வேண்டியதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பல கை மாறிய காரில் பல பொருள்கள் காணாமல் போயிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

முதலாவது, என்ஜின் அறையைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு. இது அலங்காரம் அல்ல. மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று என்று இரண்டையும் பிரிக்கும் சுவர் அதுதான். அது நைந்துபோனால் கீழிருந்து புகைக்குழாயின் அனல் மேலே ஏறி, விசிறி அதையே மறுபடியும் உள்ளே இழுக்கும்.

இரண்டாவது, சிலிண்டர்களின் அடியில் இருக்க வேண்டிய காற்றுத் தடுப்புத் தகடுகள். என்ஜினைப் பிரித்துப் பூட்டியவர்கள் “இது எதற்கு?” என்று பல கார்களில் தூக்கி எறிந்திருக்கிறார்கள். அவை இல்லாவிட்டால் காற்று சிலிண்டரைத் தழுவாமல் நேராகக் கீழே போய்விடும்.

மூன்றாவது, காற்று வழியைத் திறந்து மூடும் மடிப்புகளும் அவற்றை இயக்கும் தெர்மோஸ்டாட்டும். இது பழுதாகி மடிப்பு பாதி மூடிய நிலையில் நின்றுவிட்டால் என்ஜின் மூச்சுத் திணறும்.

நான்காவது, கூலரின் இடுக்குகளில் அடைந்த எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும். கசிவுள்ள என்ஜினில் இது பாசி போலப் படர்ந்து காற்றை மறைத்துவிடும். கூலரின் அடியிலுள்ள சிறிய ரப்பர் வளையங்களையும் இதே நேரத்தில் மாற்றிவிடலாம்.

ஐந்தாவது, தீப்பொறி நேரமும் பெட்ரோல் கலவையும். பொறி மிகவும் முன்னதாக விழுந்தாலோ, கலவையில் பெட்ரோல் குறைந்தாலோ சிலிண்டர் தலை கொதிக்கும். ஆறாவது, விசிறி பெல்ட்டின் இறுக்கம். ஏழாவது, எண்ணெயின் அளவும் வயதும். ஏறக்குறைய 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டிய என்ஜின் இது. தொழிற்சாலை கொடுத்தது கம்பி வலைச் சல்லடை மட்டும்தான். நவீன கார்களில் உள்ளது போன்ற வடிகட்டி கிடையாது.

இவ்வளவையும் சரிசெய்ய ஆகும் செலவு பெரும்பாலும் ஒரு நல்ல கூலர் தொகுப்பின் விலைக்குள் அடங்கிவிடும். பிறகு மறுபடியும் அதே சாலையில் ஓட்டி, எண்களை ஒப்பிட வேண்டும். பல கார்களுக்கு வைத்தியம் இங்கேயே முடிந்துவிடும்.

இன்னும் சூடு குறையவில்லை என்றால், பழைய கூட்டுக்குப் பதிலாக 1971 முதல் வந்த கூலரையும் அதற்குரிய கூட்டையும் விசிறியையும் தகரங்களையும் ஒரு தொகுப்பாக மாற்றலாம். வோக்ஸ்வேகனே செய்த திருத்தம் அது. மூன்றாவது சிலிண்டருக்கும் விடிவு கிடைக்கும். பழைய பாகங்களைப் பத்திரமாக எடுத்து வைத்தால், நாளை வேண்டும்போது பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாம் வேலை: வெளிக் கூலர்

பெரிய சிலிண்டர் போட்டு வலுக் கூட்டிய என்ஜின், அடிக்கடி மலையேறும் வண்டி, பந்தயத்தில் ஓடும் வண்டி ஆகியவற்றுக்குக் கூடுதல் கூலர் உண்மையாகவே தேவைப்படும். அப்போது அதைச் சரியாகப் பொருத்த வேண்டும்.

எண்ணெயை வெளியே எடுப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பழைய கூலரைக் கழற்றி, அந்த இடத்தில் ஓர் இணைப்புத் துண்டைப் பூட்டி, இரண்டு குழாய்கள் வழியாக எண்ணெயை வெளியே உள்ள கூலருக்கு அனுப்புவது. என்ஜினில் துளை போட வேண்டியதில்லை. இன்னொன்று, பழைய கூலரையும் வைத்துக்கொண்டு, பம்பின் மூடியிலிருந்தே எண்ணெயை வெளியே எடுத்து, வடிகட்டி, கூலர் வழியாக மறுபடியும் என்ஜினுக்குள் விடுவது. வடிகட்டியும் கிடைப்பதால் இது மேலான வழி. ஆனால் இதற்கு என்ஜினின் உடலில் துளையிட்டு மறை வெட்ட வேண்டும். என்ஜினை முழுதாகப் பிரிக்காமல் இந்தத் துளையைப் போடவே கூடாது. உள்ளே விழும் ஒரு சின்ன உலோகச் சீவல் போதும், நேராகப் பேரிங்குக்குப் போய்விடும். என்ஜினைக் காப்பாற்றப் போட்ட துளையே அதற்கு எமனாகிவிடும். எனவே, என்ஜினை வேறு காரணத்துக்காகப் பிரிக்கும் நாள் வரை இந்த வேலைக்குக் காத்திருப்பது நல்லது.

கூலரை எங்கே மாட்டுவது? என்ஜின் அறைக்குள், விசிறி காற்று இழுக்கும் வாயில் மாட்டினால் எண்ணெயின் சூடு முழுவதும் சிலிண்டர்களுக்கே திரும்பும். வண்டியின் அடியில் கியர்பாக்சுக்கு மேலே, கல் அடிபடாத, காற்றுப் புழங்கும் இடம் பலருக்கு ஒத்துவந்திருக்கிறது. அங்கே காற்று தானாக வேகமாக வராது என்பதால் சிறிய மின்விசிறி ஒன்றும், சூட்டில் தானாக இயங்கும் சுவிட்சும் தேவைப்படும். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பீட்டல்களில் 6 வோல்ட் மின்சாரம்தான். 12 வோல்ட் விசிறி அவற்றில் ஒழுங்காகச் சுழலாது. வண்டி நின்று ஓடும்போது டைனமோ தரும் மின்சாரமும் குறைவு. இதையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் பார்க்க வேண்டும்.

அடுத்து, மறக்கவே கூடாத பொருள் எண்ணெய் தெர்மோஸ்டாட். ஏறக்குறைய 80 டிகிரி வந்த பிறகே எண்ணெயைக் கூலருக்குத் திறந்துவிடும் கருவி இது. இது இல்லாமல் கூலரை மாட்டினால், காலையில் கடைக்குப் போய்வரும் ஐந்து கிலோமீட்டர் பயணத்தில் எண்ணெய் சூடேறவே ஏறாது. மலையேறும் நாள் ஆண்டுக்கு இரண்டு, கடைக்குப் போகும் நாள் இருநூறு. இரண்டு நாளுக்காக இருநூறு நாளைக் கெடுத்துக்கொள்ளலாமா?

ஒரு குழாயில் தொங்கும் உயிர்

இந்த வேலையில் மிகப் பெரிய ஆபத்து கூலரில் இல்லை, அதற்குப் போகும் குழாயில் இருக்கிறது. பம்பின் முழு அழுத்தத்தையும் அது தாங்க வேண்டும். காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது அந்த அழுத்தம் இன்னும் கூடும். ஒரு குழாய் கழன்றால் இரண்டரை லிட்டர் எண்ணெயும் சாலையில் கொட்டிப்போக அதிக நேரம் ஆகாது. சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். பின்னிருக்கையில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வண்டி அது.

ஆகவே மலிவு பார்க்க வேண்டிய இடம் இது அல்ல. தண்ணீருக்குரிய ரப்பர்க் குழாயை எண்ணெய்க்குப் போடக் கூடாது. எண்ணெயையும் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும், வலையிட்ட குழாய் வேண்டும். உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். முனைகளில் திருகு இணைப்புகள் வேண்டும். குழாய் தகரத்தைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். புகைக்குழாயிலிருந்து விலகியும், அங்கங்கே பிடிப்பான்களால் கட்டியும் செல்ல வேண்டும். அதே நேரத்தில் என்ஜின் அசைவதற்கு இடம்கொடுக்கும்படி கொஞ்சம் தளர்வும் வேண்டும். தண்ணீர்க் குழாய்களுக்குச் சுற்றும் வெள்ளை நாடாவை இங்கே பயன்படுத்தக் கூடாது. அதன் நூல் பிரிந்து எண்ணெய் வழியை அடைத்துவிடும்.

எல்லாம் பூட்டிய பிறகு கூலருக்குள்ளும் வடிகட்டிக்குள்ளும் எண்ணெய் நிரப்ப வேண்டும். பொறிக் கம்பியைக் கழற்றிவிட்டு, அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுழற்ற வேண்டும். அதன்பின் என்ஜினை ஓடவிட்டு ஒவ்வோர் இணைப்பையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்ததும் எண்ணெய் கூலருக்குள் போவதால் அளவு குறையும். சூடானபின் அணைத்து, சற்றுப் பொறுத்து, அளவு பார்த்து நிரப்ப வேண்டும். முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகும், அதன்பின் ஒவ்வோர் எண்ணெய் மாற்றத்தின்போதும் இணைப்புகளை மறுபடி பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ரப்பர்க் குழாய்களை, நன்றாகத் தெரிந்தாலும், மாற்றிவிட வேண்டும்.

மகன் என்ன செய்யலாம்?

நேயர்களே, தானா ராத்தா சந்திப்பில் மினுக்கிய அந்தச் சின்ன விளக்கு ஒரு கேள்வியைத்தான் கேட்டது. கூலரை மாட்டி அதை வாயடைக்கலாம். அல்லது கேள்விக்கு விடை தேடலாம்.

வெப்பமானியோடு ஒரு சனிக்கிழமை, ரப்பர் விளிம்புக்கும் தகடுகளுக்கும் இன்னொரு சனிக்கிழமை, பொறி நேரத்துக்கும் கலவைக்கும் மற்றொன்று என்று மகன் பொறுமையாகப் போனால், ஒரு மாதத்தில் அவருக்கு அந்த என்ஜின் அத்துப்படி ஆகிவிடும். அதன் பிறகும் கூலர் வேண்டும் என்று எண்கள் சொன்னால், தெர்மோஸ்டாட்டோடும் நல்ல குழாயோடும் தயங்காமல் போடட்டும். வேண்டாம் என்று எண்கள் சொன்னால், அந்தப் பணத்தில் குடும்பத்தோடு இன்னொரு முறை கேமரன் மலைக்குப் போய்வரட்டும்.

அப்பா அந்தக் காரை இத்தனை காலம் ஓட்டினார் என்றால் அதன் சத்தத்தையும் சூட்டையும் மணத்தையும் கவனித்துக்கொண்டே ஓட்டியிருப்பார். மகனுக்கு வந்து சேர வேண்டிய சொத்து கார் மட்டுமல்ல, அந்தக் கவனமும்தான்.